பழைய மின்னஞ்சல்களை முறைப்படுத்தும் வகை

கடிதம் எழுதுதல் ஒரு கலை. வந்த கடிதத்தைப் பேணுதல் மற்றொரு கலை. முன்னதற்குப் பள்ளியிற் பாடமுண்டு. பின்னதற்கு யாண்டும் பாடமில்லை. காகிதக் கடிதங்கள் மிகுதியாக வழங்கிய நாளிற் பெரியோர் அவற்றைக் கம்பியிற் கோத்தும், ஆண்டுவாரியாகக் கட்டியும், தகரப் பெட்டியிலிட்டும் காத்தனர். பெட்டி நிரம்பியபோது, உள்ளிருப்பனவற்றை எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் எண்ணமும் தானே எழுந்தது. மின்னஞ்சலோ இடத்தை அடைப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகவே, பத்தாண்டும் இருபதாண்டும் வந்த அஞ்சலையெல்லாம் ஒரே பெட்டியிற் கிடக்கவிட்டு, இடம் தீர்ந்ததென்னும் எச்சரிக்கை வந்தவன்று ஆயிரக்கணக்கில் அழித்துவிடுவார் பலர். அங்ஙனம் அழிந்தவற்றுட் கடை விளம்பரமும் இருக்கும். காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடைசிக் கடிதமும் இருக்கும்.

இவ்விரண்டையும் வேறு பிரித்து வைத்தற்குரிய எளிய வழியொன்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். அவ்வழியாவது, ‘ஸ்கிரிப்ட்’ என வழங்கும் ஒரு சிறு கட்டளைத் தொடரை எழுதி, அத்தொழிலைக் கணினியினிடம் ஒப்புவித்தலாம். கணிதமும் பௌதிகமும் பயில்வார்க்கேயன்றித் தமிழும் சரித்திரமும் பயில்வார்க்கும் இது விளங்கும் என்பது எம் துணிபு.

1. பேணாத அஞ்சல் ஒன்று

கணினி வலையின் வழியாக ஒரு பொறியினின்று மற்றொரு பொறிக்கு முதன்முதல் அஞ்சல் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அது நிகழ்ந்த ஆண்டு 1971. நிகழ்ந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரம். அவ்விரு பொறிகளும் ஒரே அறையில் அடுத்தடுத்து நின்றன. பெறுவார் பெயரையும் அவருடைய பொறியின் பெயரையும் பிரித்துக் காட்டுதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் சுழிக்குறியை அமைத்தவரும் அவரே. அந்த முதல் அஞ்சலில் எழுதியிருந்தது யாது எனின், கூறுவார் இலர். சோதனைக்கென அனுப்பிய எழுத்துக்கள் ஆதலின், அவற்றை ஒருவரும் எடுத்து வைத்திலர். அனுப்பியவரே மறந்துவிட்டதாகப் பிற்காலத்திற் கூறினார்.

இதனால் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு கடிதத்தின் மதிப்பு அது வந்த நாளிலே தெரிவதன்று. ஆகலின், இன்று பயனற்றதாகத் தோன்றுவதை உடனே அழித்துவிடாமல், வேண்டும்போது எடுத்துக்கொள்ளத்தக்க இடத்தில் வைத்தலே முறைப்படுத்துதலின் முதற் பயன். அழித்தல் அதன் நோக்கமன்று.

2. கைத்தொழிலும் பொறித்தொழிலும்

ஒருவர் பெட்டியில் 12,000 அஞ்சல்கள் உளவென வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் பார்த்து உரிய கோப்புறையிற் சேர்ப்பதற்கு ஐந்து வினாடி ஆகுமெனின், மொத்தம் 60,000 வினாடிகள். அஃதாவது 16 மணி 40 நிமிடம். இடையே உண்ணாமலும் உறங்காமலும் செய்தாற்றான் இக்கணக்குச் சரியாகும். அன்றியும், ஆயிரமாவது அஞ்சலில் இருந்த கவனம் பதினாயிரமாவது அஞ்சலில் இராது. பொறிக்கோ களைப்பில்லை. ஆயின் பொறிக்கு அறிவும் இல்லை. நாம் வகுத்த விதி நன்றாயின் 12,000 முறையும் நன்றே செய்யும். தீதாயின் 12,000 முறையும் தீதே செய்யும். ஆதலால், கட்டளை எழுதுதற்கு முன் விதி வகுத்தலிலேயே நம் கருத்து முழுதும் நிற்றல் வேண்டும்.

3. அஞ்சலின் தலைப்பகுதி

விதி வகுக்க வேண்டுமாயின் பொறிக்குத் தெரியக்கூடிய அடையாளங்கள் எவை என அறிதல் வேண்டும். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் உடற்பகுதி ஒன்றும், அதற்கு முன்னே தலைப்பகுதி ஒன்றும் உண்டு. தலைப்பகுதியின் இலக்கணம் 1982ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்று, 2001இலும் 2008இலும் திருத்தம் பெற்றது, அடிப்படை மாறவில்லை. அதிலே அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்பன தனித்தனி வரிகளில் நிற்கும். இவற்றோடு ‘மெசேஜ்-ஐடி’ என்றொரு வரியும் உண்டு. அஃது அவ்வஞ்சலுக்கே உரிய தனி அடையாளம். ஒரே அஞ்சலின் இரு படிகள் இரண்டிடத்தில் இருந்தால் இதனைக்கொண்டு கண்டுகொள்ளலாம்.

பலருக்கு ஒருங்கே அனுப்பும் சுற்றறிக்கைகளிலும் விளம்பரங்களிலும் பெரும்பாலும் ‘லிஸ்ட்-ஐடி’ என்றோ, ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்றோ ஒரு வரி கூடுதலாக இருக்கும். ஒருவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பொதுவாக இவை இரா. ஆகவே கடிதத்தைப் படித்துப் பொருளுணராமலே, தனிக் கடிதத்தையும் பொது அறிக்கையையும் பொறி ஒருவாறு பிரித்துவிடக் கூடும்.

4. விதியை முதலிலே தமிழில் எழுதுக

கணினி மொழியில் எழுதுதற்கு முன்னர், விதியைத் தாய்மொழியிலே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் நலம். பிறர்க்குப் படித்துக்காட்டி விளங்கவைக்க முடியாத விதி பொறிக்கும் விளங்காது. யாம் மாதிரியாகக் கொள்ளும் விதி பின்வருமாறு:

இரண்டாண்டிற்கு மேற்பட்ட அஞ்சல்களை மட்டும் தொடுக. அவற்றை எழுதப்பெற்ற ஆண்டின்படி பிரிக்க. ஒவ்வோராண்டிலும் தனிக் கடிதம், பொது அறிக்கை, ஐயத்திற்குரியவை என மூன்று கோப்புறைகள் அமைக்க. பொது அறிக்கைக்குரிய வரி இருப்பின் இரண்டாவதிற் சேர்க்க. தேதியோ எழுத்தோ தெளிவாக இல்லையாயின் மூன்றாவதிற் சேர்க்க. ஏனையவற்றை முதலாவதிற் சேர்க்க. எதனையும் அழியற்க.

இவ்விதியில் மூன்றாவது கோப்புறையே உயிர்நாடி. எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கும்படி பொறியை ஏவுவார் பிற்பாடு வருந்துவர். தெரியாததைத் தெரியாதென ஒதுக்கிவைக்கும் விதியே நல்ல விதி.

5. கட்டளைத் தொடரின் அமைப்பு

சேவையகத்திலுள்ள அஞ்சற்பெட்டியைத் தொலைவிலிருந்து திறந்து பார்த்தற்குரிய உரையாடல் முறை ‘ஐமேப்’ எனப்படும். இதனை 1986இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வகுத்தவர் மார்க் கிரிஸ்பின். இம்முறையில் நம் பொறி ஒரு கட்டளை அனுப்பும். சேவையகம் விடை பகரும். கட்டளைகளை எழுதுதற்கு 1991இல் குய்டோ வான் ராசம் வெளியிட்ட ‘பைத்தான்’ மொழி ஏற்றது. ஐமேப் முறையில் உரையாடும் ‘ஐமேப்லிப்’ என்னும் தொகுதியும், தலைப்பகுதியைப் பிரித்துப் படிக்கும் ‘ஈமெயில்’ என்னும் தொகுதியும் அம்மொழியோடு இலவசமாகவே வருகின்றன. தொடரின் உட்பொருளைத் தமிழிற் கூறின் இவ்வாறாம்:

(அ) 993ஆம் வாயிலின் வழியாகச் சேவையகத்தோடு மறைகுறித் தொடர்பு கொள்க. பெயரும் கடவுச்சொல்லும் தருக.

(ஆ) இன்பாக்ஸ் என்னும் வரவுப்பெட்டியைப் படிப்பதற்கு மட்டும் திறக்க.

(இ) குறித்த நாளுக்கு முன் எழுதப்பெற்ற அஞ்சல்களின் எண்களைக் கேட்க.

(ஈ) ஒவ்வோர் எண்ணிற்கும் தலைப்பகுதியை மட்டும் வருவிக்க.

(உ) விதியின்படி கோப்புறை இன்னதெனத் தீர்மானித்து, எண், தேதி, அனுப்புநர், பொருள், மெசேஜ்-ஐடி, கோப்புறை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுக.

(ஊ) முடிந்தபின் பெட்டியை மூடுக.

இத்தொடர் ஓர் அஞ்சலையும் அசைக்கவில்லை என்பதைக் காண்க. முதலோட்டம் ஒத்திகையே. அப்பதிவேட்டை விரிதாளில் திறந்து, ஒவ்வொரு கோப்புறைக்கும் ஐம்பது வரிகளையேனும் கண்ணாற் பார்த்தல் வேண்டும். விதி பிழைத்த இடம் அங்கே தெரியும். விதியைத் திருத்தி மீண்டும் ஒத்திகை பார்க்க. பதிவேடு நம் கருத்தோடு ஒத்த பின்னரே, பெட்டியை எழுதுதற்கும் உரிய முறையில் திறந்து, அஞ்சல்களைப் புதிய கோப்புறைகளிற் படியெடுக்கும் வரியைச் சேர்க்கலாம். படியெடுத்தவற்றின் தொகை பதிவேட்டின் தொகையோடு ஒத்ததா எனச் சரிபார்த்த பின்னரே மூலத்தை வரவுப்பெட்டியினின்று நீக்குக. ‘மூவ்’ என ஒரே கட்டளையால் இடம் மாற்றும் வசதி 2013இல் ஐமேப் முறையோடு சேர்ந்தது. அது கிடைக்கும் சேவையகங்களில் அதனையே கொள்ளலாம்.

தலைப்பகுதியை வருவிக்கும் கட்டளையில் ‘பீக்’ என்னும் சொல்லைச் சேர்த்தல் நன்று. சேர்க்காது பெட்டியை எழுதுதற்கும் திறப்பின், பொறி பார்த்த அஞ்சலையெல்லாம் நாம் படித்துவிட்டதாகச் சேவையகம் குறித்துக்கொள்ளும். படியாத கடிதம் படித்ததாகிவிடின், விடை எழுதவேண்டிய கடமையும் மறைந்துபோம்.

6. வழுக்கும் இடங்கள்

எளிய தொடரிலும் வழுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் நான்கைக் கூறுவோம்.

முதலாவது, எண் பற்றியது. பெட்டியிலுள்ள அஞ்சல்களுக்கு இருவகை எண் உண்டு. ஒன்று வரிசையெண், மற்றது ‘யூ.ஐ.டி.’ என்னும் நிலையெண். வகுப்பில் வரிசையாக நிற்கும் மாணவருள் ஐந்தாமவர் வெளியே சென்றால், ஆறாமவர் ஐந்தாமவராகிவிடுவார். கலாசாலைச் சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள எண்ணோ மாறாது. வரிசையெண்ணைக் கொண்டு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே செல்லும் தொடர், முதல் நீக்கத்திற்குப் பின் தவறான அஞ்சலின் மீதே கை வைக்கும். ஆகையால் நிலையெண்ணையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, தேதி பற்றியது. ‘பிஃபோர்’ என்னும் தேடற்சொல் சேவையகம் அஞ்சலைப் பெற்ற நாளைப் பார்க்கும். ‘சென்ட்பிஃபோர்’ என்பது தலைப்பகுதியில் எழுதியுள்ள நாளைப் பார்க்கும். பழைய பெட்டியினின்று புதிய பெட்டிக்கு அஞ்சல்களை மாற்றியவர்க்குப் பெற்ற நாள் சில வேளை மாற்றிய நாளாகவே பதிவாகியிருக்கும். அவர் இரண்டாவதையே கொள்ளுதல் வேண்டும். ஆயினும் எழுதிய நாளும் எப்பொழுதும் நம்பத்தக்கதன்று. அனுப்பியவர் கணினியின் கடிகாரம் பழுதாயின் 1970 ஜனவரி 1 என்னும் தேதி தோன்றுதல் உண்டு. பல கணினிகள் காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அதுவாகும். டாம்லின்சன் முதல் அஞ்சல் அனுப்பியதற்கும் முந்திய ஆண்டில் எழுதப்பெற்ற அஞ்சல் ஒன்று இருக்க இயலாதன்றோ? அத்தகையவற்றை ஐயத்திற்குரிய கோப்புறையிற் சேர்ப்பதே தகும்.

மூன்றாவது, தமிழெழுத்துப் பற்றியது. நம்மனோர் சிறப்பாகக் கருதவேண்டுவது. அஞ்சலின் தலைப்பகுதி முதலில் ஆங்கில எழுத்துக்களுக்கென்றே அமைந்தது. ஏனை மொழிகளை அதனுள் மறைபொருளாக மாற்றி எழுதும் முறை 1992இல் வகுக்கப்பெற்றது. ஆகவே பொருள் வரியில் ‘வணக்கம்’ என்று எழுதினும், உள்ளே அது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சங்கிலியாகவே கிடக்கும். அதனை மீட்டெழுதாமல் தமிழ்ச் சொல்லைத் தேடும் தொடர் ஒன்றையும் காணாது. ஈமெயில் தொகுதியைக் கொண்டு மீட்டெழுதிய பின்னரே தேடுதல் வேண்டும்.

இதனினும் அரிய இடர் ஒன்றுண்டு. தமிழுக்கு யூனிகோடு முறையில் 1991இலேயே இடம் கிடைத்ததெனினும், அது பரவுதற்குப் பல்லாண்டு ஆயிற்று. இடைக்காலத்தில் ‘திஸ்கி’ முறையிலும், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘டாம்’, ‘டாப்’ முறைகளிலும், இன்னும் பற்பல எழுத்துருக்களிலும் தமிழர் அஞ்சல் எழுதினர். அக்கடிதங்களுட் பல ஐரோப்பிய எழுத்தில் இருப்பதாகவே தம்மை அறிவிக்கும். இன்றைய திரையிற் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். குறிகளைக் கண்டு குப்பையென்று கழிக்கும் விதி, அயல்நாடு சென்ற பழைய மாணவர் முதன்முதல் தமிழிலே எழுதிய கடிதங்களையே முதலில் அழித்துவிடும். அவை அழிந்த எழுத்தல்ல. முறை மாறிய எழுத்தே. தக்க மாற்றியைக் கொண்டு இன்றும் படிக்கலாம். பைத்தானோடு வரும் தொகுதிகளில் அம்மாற்றி இல்லையாதலின், இவற்றைத் தனியே ஒதுக்கிவைத்துப் பின்னர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

நான்காவது, பொது அறிக்கை பற்றியது. பழைய மாணவர் சங்கம் குழுவஞ்சலாக விடுக்கும் செய்தியிலும் லிஸ்ட்-ஐடி வரி இருக்கும். ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றதும், மாணவர் ஒருவர் மறைந்ததும் அத்தகைய அஞ்சலிலேயே நமக்கு எட்டுகின்றன. கடை விளம்பரமும் அதுவும் பொறிக்கு ஓரினமே. ஆதலின் பொது அறிக்கை என்னும் கோப்புறை ‘பின்னர்ப் பார்க்கத்தக்கது’ என்னும் பொருளுடையதேயன்றி, ‘எறியத்தக்கது’ என்னும் பொருளுடையதன்று. சங்கத்தின் முகவரியை விதியிலே விலக்காகக் குறித்துவிடின் இன்னும் நன்று.

7. தனிப்படி

இத்தொழிலைத் தொடங்குமுன் பெட்டி முழுவதற்கும் படியொன்று எடுத்து, வலையோடு தொடர்பில்லாத வட்டில் வைத்தல் இன்றியமையாதது. பெருநிறுவனங்கள் காக்கும்போது நமக்கேன் படி என்பார்க்கு 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் நிகழ்ந்தது விடை கூறும். சேமிப்பு மென்பொருளில் செய்த மாற்றத்தால் நேர்ந்த பிழையொன்றினால், பயனாளருள் ஏறக்குறைய 0.02 விழுக்காட்டினர், அஃதாவது பதினாயிரவருள் இருவர், தம் பெட்டி வெறுமையாயிருக்கக் கண்டனர். அந்நிறுவனம் பல நிலையங்களிற் படிகள் வைத்திருந்தும், பிழை மென்பொருளிலேயே இருந்தமையால் அப்படிகளும் பாதிப்புற்றன. இறுதியில் அஞ்சல்களை மீட்டுக் கொடுத்தவை வலையோடு தொடர்பின்றித் தனியே இருந்த காந்த நாடாக்களே. ஒன்றோடொன்று பிணைந்த பத்துப் படிகளைவிடத் தனித்து நிற்கும் ஒரு படி மேலானது என்பது இதனாற் பெறப்படும்.

கடவுச்சொல்லைத் தொடரின் உள்ளே எழுதி வைத்தலும் ஆகாது. தொடரை நண்பர்க்குக் கொடுக்கும் நாளில் திறவுகோலும் உடன் சென்றுவிடும். ஓடும்போது கேட்டுப் பெறும்படி அமைத்தலே முறை. அன்றியும், அலுவலகம், விடுதி, சங்கம் ஆகியவற்றின் பொதுப் பெட்டி ஒருவர் உடைமையன்று. உரியோர் இசைவின்றி அதனைத் தொடுதல் தகாது.

8. முடிவுரை

ஒருமுறை நன்கு அமைந்த தொடரை மாதந்தோறும் ஓடும்படி கணினியின் கால அட்டவணையிற் சேர்த்துவிடின், பின்னர்ப் பெட்டி தானே ஒழுங்காக நிற்கும். ஆயினும் மாதத்திற்கு ஒருமுறை பதிவேட்டையும், ஐயத்திற்குரிய கோப்புறையையும் திறந்து பார்க்கும் கடமை நம்மை விட்டு நீங்காது. பிரித்தல் பொறியின் தொழில். கழித்தல் மனிதர் தொழில். இவ்வெல்லையை மறவாதார்க்கு அறுபது வரித் தொடரே போதும். மறந்தார்க்கு ஆறாயிரம் வரி எழுதினும் போதாது.

மாணவ அன்பர்காள்! விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குமின். முதலிலே நும் பெட்டியை ஒத்திகை பார்மின். பின்னர் வீட்டிலுள்ள பெரியோர் பெட்டிக்கு, அவர் இசைவு பெற்று, உதவுமின். நாளை நம் கலாசாலையின் சரித்திரத்தை எழுதப் புகுவார் ஒருவர், இக்காலத்து ஆசிரியரும் மாணவரும் ஒருவர்க்கொருவர் எழுதியது யாது என வினவுவாராயின், அவர் கையிற் கொடுத்தற்குரிய கட்டொன்று நம்மிடம் ஆண்டுவாரியாக அணியமாயிருத்தல் வேண்டும்.